கஸ்தூரி கேட்ட சத்தம்

அண்ணனூரில் பக்தவத்சலத்தை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது ரேஷன் கடையிலும் பேங்கிலும் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் பக்தா. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் தெருவில், ‘பக்தா சவுண்டு சர்வீஸ்’ என்று மஞ்சள் எழுத்தில் எழுதிய குட்டி வேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா நின்றுகொண்டிருந்தால், அன்றைக்கு ஆவடி வட்டாரத்தில் காதுகுத்தும் இல்லை, கல்யாணமும் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பக்கத்தில் பாட்டுக்காரர்களுக்குக் குறைவே கிடையாது. அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் ரயில் பாதையின் இரண்டு பக்கமும் தேடினால் நாற்பது குழுவாவது தேறும். ஆனால் பாட்டை மட்டும் நம்பி அடுப்பு மூட்டுகிறவர் அதில் ஒருவர்கூட இல்லை. வெள்ளானூர் வேம்புலி வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் லாரி ஓட்டுவார், ஏழாவது நாள் கானா பாடுவார். பூந்தமல்லி நஜீர் பாய் பஞ்சு மெத்தை தைக்கிறவர். கடையைச் சாத்திவிட்டால் மடியில் பேஞ்சோ ஏறிவிடும். டைப்ரைட்டர் மாதிரி வரிசையாகக் கட்டைகள் வைத்து, அடியில் தந்திகள் ஓடும் அந்த வாத்தியத்தை அவர் அளவுக்கு வாசிக்க இந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. முகப்பேரில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும் சுவேதா, லீவு நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையேறிச் சினிமாப் பாட்டுப் பாடுவாள்.

இவர்கள் மூன்று பேரும் ஒரே குழு, டோலக் அடிக்க வேம்புலியின் லாரி கிளீனர் பையன் கூட வருவான். இவர்களுக்கும், இன்னும் எத்தனையோ குழுக்களுக்கும் மைக் கட்டி, ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கி வைத்து, மிக்சர் முன்னால் உட்கார்ந்து சத்தத்தை ஏற்றி இறக்கிக் கூட்டத்தின் காதில் பாட்டைச் சேர்ப்பது இருபத்திரண்டு வருஷமாகப் பக்தாவின் வேலை. “பக்தா மிக்சர்ல குந்திகினா தொண்ட கட்டிக்கினாகூட பயமில்ல” என்று வேம்புலி மேடையிலேயே மைக்கில் சொல்லுவார். பக்தா காதில் விழாதது மாதிரி குமிழ்களைத் திருகிக்கொண்டிருப்பார். ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது அதை மனைவி கஸ்தூரியிடம் ஒரு தடவை சொல்லாமல் இருக்கமாட்டார்.

வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. முந்தின நாள் தலைக்குக் குளித்ததில் தண்ணீர் புகுந்திருக்கும் என்று ஒற்றைக்காலில் நின்று குதித்துப் பார்த்தார். பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். திறக்கவில்லை. மூன்றாவது நாள் அந்தக் காதுக்குள் ஒரு சத்தம் ஆரம்பித்தது. குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் மெலிசாக ஒரு மூச்சு விடுமே, அந்த மாதிரி. விசில் அடித்து ஓய்ந்தால்கூடத் தேவலை. இது மூச்சை மட்டும் விட்டுக்கொண்டே இருந்தது, தூங்கும்போதும், டீக்கடையில் நிற்கும்போதும், வண்டி ஓட்டும்போதும்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கஸ்தூரி இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பாததைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். சளி என்றார். சவுண்டு போடுகிறவனுக்குக் காது போய்விட்டது என்ற சேதி ஆவடியைத் தாண்டப் பத்து நிமிஷம் ஆகாது என்று அவருக்குத் தெரியும். பாட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப்பே வைத்திருந்தார்கள். பொழுது விடிந்தால் குட்மார்னிங் படம் போடுவதற்கும், யாருக்குத் தொண்டை சரியில்லை, யாருடைய டோலக் கிழிந்துவிட்டது என்று ஊருக்குச் சொல்வதற்கும்தான் அது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை கழித்து ஆவடியில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. மதியச் சாப்பாட்டோடு கச்சேரி. வேம்புலி, நஜீர் பாய், சுவேதா மூன்று பேரும் டோலக் பையனும் மேடையில். பக்தா மண்டபத்தின் நடுவில், எப்போதும் போடும் அதே இடத்தில் மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டத்தின் இரைச்சல் ஒரு பக்கம் மட்டும் அலையாக வந்து மோதிற்று. இன்னொரு பக்கத்தில் அந்த மூச்சு.

சுவேதாவின் முதல் பாட்டிலேயே அவருக்குக் குழப்பம் வந்துவிட்டது. மைக் கூவப் போகிறது என்றால் முதலில் மெலிசாக ஒரு கீச்சு கேட்கும். உடனே மேல்சத்தத்தைக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் மண்டபமே காதைப் பொத்திக்கொள்ளும். அந்தக் கீச்சு கேட்டது. குறைத்தார். மறுபடியும் கேட்டது. இன்னும் குறைத்தார். காதுக்குள் இருக்கிற மூச்சைத்தான் மைக்கின் கீச்சு என்று நினைத்துக் குறைத்துக்கொண்டே போகிறோம் என்பது அவருக்குப் புரியவில்லை. வேம்புலி பாட வந்தபோது அவருடைய குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது.

கானாவுக்கு வார்த்தைதான் உயிர். ராகம் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள், வார்த்தை விளங்கவில்லை என்றால் எழுந்து பந்திக்குப் போய்விடுவார்கள். போனார்கள். வேம்புலி பாடிக்கொண்டே கையை உயர்த்தி உயர்த்திச் சைகை காட்டினார். அப்போதுதான் பக்தாவுக்குச் சுருக்கென்றது. இது மைக் இல்லை, நம் காது. அவசரமாக எல்லாவற்றையும் மேலே ஏற்றினார். இப்போது நிஜமாகவே மைக் கூவ ஆரம்பித்தது. இதுவும் நம் காதுதான் என்று பக்தா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மண்டபம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து மொட்டைத் தலையில் சந்தனத்தோடு சிரித்துக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. சுவேதா மைக்கைத் தரையில் வைத்துவிட்டாள். சமையல்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நஜீர் பாய்தான் பேஞ்சோவை இறக்கி வைத்துவிட்டு மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து, பக்தாவின் தோளுக்கு மேல் கையை நீட்டி எல்லாக் குமிழையும் கீழே இழுத்தார். பக்தா அவர் முகத்தைப் பார்த்தார். நஜீர் பாய் பக்தாவின் இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னார். பக்தாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வலது பக்கம் வந்து அதையே மறுபடியும் சொன்னார்.

“எத்தினி நாளா இப்டி கீது?”

பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பின்னால் நின்று பக்தா எல்லாவற்றையும் சொன்னார். வேம்புலியும் வந்து நின்றார். மூன்று வாரமாக மறைத்ததற்கு அவருக்குக் கோபம். ஆனால் அதை அங்கே காட்டவில்லை. மிச்சக் கச்சேரியை மைக் இல்லாமலே பந்தி நடுவில் நின்று பாடி முடித்துக்கொடுத்தார்கள். அது ஒரு புதுமாதிரியாக இருந்ததால் விசேஷ வீட்டுக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கஸ்தூரி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பரிசோதித்தார்கள். இடது காதில் நரம்பு கேட்கும் சக்தியை இழந்துவிட்டது, ஏன் என்று சில பேருக்குக் கடைசிவரை தெரியாது என்றார் டாக்டர். முதல் இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் மருந்துக்குக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு, இப்போதும் மாத்திரை தருகிறேன், ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றார். வலது காது நன்றாக இருக்கிறது, அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் கஸ்தூரி அவருடைய வலது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் அந்தப் பக்கம்தான் உட்காருகிறாள்.

மாத்திரை தீர்ந்தது. காது திறக்கவில்லை. பக்தா வந்த வேலைகளைப் பட்டாபிராமில் ஒரு தெரிந்தவருக்குத் தள்ளிவிட்டார். வேனில் தூசி படிந்தது. குரூப்பில் யாரும் அவரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. வேம்புலிதான் எழுதக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார் என்று அவருக்குப் புரிந்தது. அது ஆறுதலாகவும் இருந்தது, அதிலும் ஒரு வலி இருந்தது. கடைசியில் செட்டை மொத்தமாக விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். திருநின்றவூரிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

சனிக்கிழமை மதியம், வீட்டை ஒட்டின ஷீட் கொட்டகையில் பாக்ஸ்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகப் பாட்டு ஓடவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கஸ்தூரிக்கு அன்றைக்குக் காலை ஷிப்ட். வந்து குளித்துவிட்டு, உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

“ரெண்டாவது பொட்டில இன்னாவோ கிழிஞ்சிகீது, பாருங்க.”

ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்றார் பக்தா. கஸ்தூரி எழுந்து வந்தாள். முன்றானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவருடைய டூல்ஸ் பெட்டியிலிருந்து நீளமான ஸ்க்ரூட்ரைவர் ஒன்றை எடுத்தாள். அதன் முனையைப் பாக்ஸின் மரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். இரண்டு இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். பிறகு கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினாள். பக்தா அரைமனசோடு பாக்ஸைப் பிரித்தார். அவள் காட்டிய இடத்தில் ஸ்பீக்கரின் காகிதம் ஓரத்தில் ஒட்டு விட்டு, நகக்கண் அளவுக்கு விலகியிருந்தது.

கையில் பாக்ஸின் மூடியை வைத்துக்கொண்டு அவர் அவளைப் பார்த்தார். கஸ்தூரிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனியில் பதினாறு வருஷமாக வேலை. டெஸ்டிங் செக்‌ஷன் என்று தெரியும். டெஸ்டிங் என்றால் மோட்டாரில் அட்டை கட்டி நம்பர் எழுதுகிற வேலை என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். அப்படி யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்டதில்லை.

இப்போது கேட்டார். அவள் கீரையைத் திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். ஒரு ஷிப்டுக்கு முந்நூறு மோட்டார் அவள் முன்னால் வரும். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு ஸ்க்ரூட்ரைவரால் கேட்பாள். பேரிங்கில் மண் துகள் விழுந்திருந்தால் ஒரு சத்தம், தண்டு ஒரு நூல் கோணலாக இருந்தால் ஒரு சத்தம், உள்ளே வார்னிஷ் சரியாகக் காயாவிட்டால் இன்னொன்று. பக்கத்தில் பஞ்ச் மிஷின் டம் டம்மென்று அடித்துக்கொண்டே இருக்கும், அதற்குள்ளேதான் இதைப் பிரித்துக் கேட்கவேண்டும். புதுசாகக் கம்ப்யூட்டர் மிஷின் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். அது சந்தேகம் என்று ஒதுக்கியதை எல்லாம் கடைசியில் கஸ்தூரியிடம்தான் கொண்டுவந்து வைப்பார்கள்.

“எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்றார் பக்தா.

“நீங்க கச்சேரிலேருந்து வந்து உங்க கதைய சொல்வீங்க. நான் கேட்டுகினு இருப்பேன்” என்றாள் கஸ்தூரி. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதனால்தான் அது அவருக்குள்ளே நேராகப் போய் இறங்கியது.

சாயந்திரம் திருநின்றவூர்க்காரருக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கஸ்தூரியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஆறு நாள் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு ஏழாவது நாளும் சத்தத்திலா என்றாள். தனக்குப் பாட்டு என்றாலே பெரிதாக ஆசை இல்லை, டிவியில் பாட்டு வந்தால் சேனலை மாற்றுகிறவள் என்றாள். பக்தா விடவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார், பிடிக்கவில்லை என்றால் நானே செட்டை விற்றுவிடுகிறேன் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வேம்புலியும் நஜீர் பாயும் சுவேதாவும் டோலக் பையனும் கொட்டகைக்கு வந்தார்கள். நஜீர் பாய் வீட்டிலிருந்து அவர் மனைவி ரசூல் பீவியும் பிரியாணிச் சட்டியோடு கூடவே வந்தாள்.

பக்தா குமிழ்களைக் காட்டி, இது மேல்சத்தம், இது அடிச்சத்தம், இது அளவு என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்கு மேல் கஸ்தூரி அவள் பாஷையில் பேச ஆரம்பித்துவிட்டாள். சுவேதாவின் மைக் மூக்கால் பேசுகிறது என்றாள். வேம்புலியின் மைக்கில் மழை பெய்கிறது என்றாள். எந்தக் குமிழைத் திருகினால் மழை நிற்கும் என்று பக்தா காட்டினார், நின்றது. டோலக்கின் அடிச்சத்தத்தைப் பாதியாகக் குறைத்தாள். பக்தாவுக்கு மனசு கேட்கவில்லை. நெஞ்சில் வந்து குத்துகிற அந்த அடிச்சத்தம்தான் அவருடைய முத்திரை. அதற்காகவே அவரைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

“அது வந்து எல்லார் மேலயும் ஏறி குந்திகினு கீது” என்றாள் கஸ்தூரி. “அது எறங்கினாத்தான் மத்தவங்க தெரிவாங்க.”

வேம்புலி அவருடைய தண்ணீர் லாரிப் பாட்டை எடுத்தார். நஜீர் பாய் நடுவில் பேஞ்சோவில் பதில் சொன்னார். இரண்டாவது அடி முடிவதற்குள் ரசூல் பீவி பிரியாணிச் சட்டியின் மேல் வைத்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வேம்புலி பாடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு நஜீர் பாயின் விரல்களைப் பார்த்தார். கட்டை விழுகிற டக் சத்தமும், தந்தி அதிர்ந்து மெலிந்து போகிற கடைசி இழையும் தனித்தனியாகக் கேட்டன. நிற்காமல் வாசிக்கச் சொல்லி வேம்புலி கையைக் காட்டினார். நஜீர் பாய் ஒரு நாலு நிமிஷம் தனியாகவே வாசித்தார்.

முடித்ததும் ரசூல் பீவி மெதுவான குரலில் புருஷனிடம் ஏதோ சொன்னாள். நஜீர் பாய் சிரித்துக்கொண்டு திரும்பினார்.

“இருவது வருசமா வாசிக்கிறேன் பக்தா. நீங்க இன்னா வாசிக்கிறீங்கன்னு இன்னிக்குத்தான் கேட்டுச்சுங்கறா.”

எல்லோரும் சிரித்தார்கள். பக்தாவும் சிரித்தார். ஆனால் பிரியாணியை வாயில் வைத்தபோது ருசி தெரியவில்லை. நஜீர் பாயின் பேஞ்சோவை இத்தனை வருஷமும் அமுக்கி வைத்தது யார்? வேறு யாரும் இல்லை, நல்ல காதோடு மிக்சரில் உட்கார்ந்திருந்த அவரேதான். காது போனபிறகு வந்த தப்பு இல்லை அது. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த நாளில் செய்தது. யாரும் குறை சொல்லாததால் சரியென்று இருந்துவிட்டார்.

எல்லோரும் கிளம்பின பிறகு நஜீர் பாயை வேன் பக்கத்தில் நிறுத்தி, மன்னிச்சிடு பாய் என்றார். நஜீர் பாய்க்கு எதற்கு என்றே முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

“அட போ மாமே. இனிமே தப்பா வாசிச்சா ஊருக்கே தெரியும். நான்தான் இப்ப பயப்படணும்.”

அந்த வாரம் முழுக்க அவர் தினமும் கடையைச் சாத்திவிட்டுப் பழைய பாட்டுகளை உட்கார்ந்து சாதகம் செய்தார் என்று ரசூல் பீவி பிறகு கஸ்தூரியிடம் சொன்னாள்.

ஆடி பிறந்தது. ஆடி என்றால் இந்தப் பக்கத்தில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வெள்ளானூரில் வேம்புலியின் தெருக் கோயிலில் கூழ் ஊற்றி, சாயந்திரம் ஐந்து மணிக்குக் கச்சேரி என்று ஏற்பாடு. அதுதான் கஸ்தூரிக்கு முதல் வெளிமேடை. மத்தியானமே இருவரும் வேனில் போய் இறங்கினார்கள். பக்தா வயர் இழுத்தார், பாக்ஸ் ஏற்றினார், மைக் ஸ்டாண்டுகளை நிறுத்தினார். இந்த வேலைக்கு இரண்டு காது தேவையில்லை, நல்ல முதுகு இருந்தால் போதும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

விழாக் கமிட்டியில் தமிழரசு என்று ஒருவர். அந்தத் தெருவிலேயே வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். மிக்சர் முன்னால் கஸ்தூரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நேராகப் பக்தாவிடம் வந்து, நீங்கள் உட்காரவில்லையா என்று கேட்டார். அவள்தான் என்றார் பக்தா. தமிழரசு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, சத்தம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பக்கத்துத் தெருக் கமிட்டிக்காரர்கள் பெரிய செட் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுவேதா அம்மன் பாட்டில் ஆரம்பித்தாள். பக்தா கஸ்தூரியின் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்துத் தெருவிலிருந்து அடிச்சத்தம் தரை வழியாகவே வந்து காலில் ஏறிற்று. அதைக் கேட்டதும் அவர் கை சும்மா இருக்கவில்லை. நீண்டு போய் டோலக்கின் குமிழைப் பிடித்து ஏற்றியது. கஸ்தூரி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கை மேல் தன் கையை வைத்து, குமிழோடு சேர்த்து மெதுவாகப் பழைய இடத்துக்கே இறக்கினாள். பிறகு அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிட்டாள்.

“நீங்க முன்னாடி போய் ஜனங்களோட குந்துங்க” என்றாள். “அங்க எப்டி கேக்குதுன்னு வந்து சொல்லுங்க. நான் இங்கேருந்து நவர முடியாது.”

பக்தாவுக்கு முகம் சுருங்கிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு கச்சேரியைக்கூட மிக்சரை விட்டு எழுந்துபோய் ஜனங்களோடு உட்கார்ந்து கேட்டதில்லை. எழுந்து போனார். பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. கூழ்க் குண்டானுக்குப் பக்கத்தில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்த இடத்தில், ஓரமாக ஒரு மூலை கிடைத்தது. வலது காது மேடைப் பக்கம் இருக்கிற மாதிரி திரும்பி உட்கார்ந்தார். யாரோ ஒரு சொம்பில் கூழும் கையில் இரண்டு சின்ன வெங்காயமும் கொடுத்தார்கள்.

வேம்புலி மைக்கைப் பிடித்தார். வழக்கமாகப் பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு தடவை இருமுவார், அந்த இருமலே தெளிவாகக் கேட்டது.

“லாரி வந்தா ஓடி வரும் கொடம் பதினாறு
நான் பாட வந்தா ஓடிப் போவ எத்தினி பேரு
பம்பு செட்டு வாய தொறந்தா தண்ணி கொட்டுது
என் பொண்டாட்டி வாய தொறந்தா ஊரே கேக்குது”

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் குலுங்கினார்கள். வேம்புலியின் மனைவி குப்பம்மா அங்கேயே கூழ்க் கரண்டியோடு நின்றிருந்தாள். மேடையைப் பார்த்துக் கரண்டியை ஓங்கிக் காட்டினாள். கூட்டம் இன்னும் சிரித்தது. பக்தாவும் சிரித்தார். இந்தப் பாட்டை அவர் நூறு தடவையாவது மிக்சரில் ஏற்றி இறக்கியிருப்பார். ஆனால் மூன்றாவது அடி என்னவென்று இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அது அவருக்கு மிக்சர் மீட்டரின் முள் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதுதான். பாட்டின் நடுவில் நஜீர் பாயின் பேஞ்சோ உள்ளே நுழைந்து, வேம்புலியைக் கிண்டல் செய்கிற மாதிரி அதே மெட்டைத் திருப்பிச் சொன்னபோது, பாய் விரிப்பில் இருந்த ஒரு வயசான அம்மா கூழைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் போட ஆரம்பித்தாள்.

இடது காதில் அந்த மூச்சு இருந்தது. அது போகவில்லை. ஆனால் பாட்டு நடக்கிற வரைக்கும் அதை நினைக்கவில்லை என்பது பாட்டு முடிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

தமிழரசு தேடிக்கொண்டு வந்தார். சத்தம் பற்றாது என்று சொல்லத்தான் வருகிறார் என்று பக்தா நினைத்தார். தமிழரசு பாயின் ஓரத்தில் குந்திக்கொண்டு, பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். அங்கே சத்தம்தான் கேட்கிறதாம், பாட்டுக் கேட்கவில்லையாம். அடுத்த வாரம் அவருடைய தங்கை பெண்ணுக்கு அம்பத்தூரில் வளைகாப்பு, அதற்கும் அந்த அம்மாவையே உட்காரச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அதை அவளிடம்தான் கேட்கவேண்டும் என்றார் பக்தா. அவளுக்கு அன்றைக்கு என்ன ஷிப்ட் என்று தெரியவில்லை.

கேட்பதற்காகத் தமிழரசுவைக் கூட்டிக்கொண்டு மிக்சர் இருந்த இடத்துக்குப் போனார். கஸ்தூரி ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்து பாட இருந்த சுவேதாவுக்கு மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லிக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்த்திருந்தது. பாட்டு முடியட்டும் என்று தமிழரசு ஓரமாக நின்றுகொண்டார். பக்தா அவளுக்காக வாங்கி வந்திருந்த கூழ்ச் சொம்பைக் குமிழ்களில் சிந்தாமல் மேஜையின் மூலையில் வைத்தார். முன்னால் எப்படிக் கேட்கிறது என்று அவள் கண்ணாலேயே கேட்டாள்.

“வேம்புலி அண்ணாத்தே வார்த்த ஒண்ணொண்ணும் கேக்குது” என்றார் பக்தா. “பாய் பேஞ்சோ மட்டும் ஒரு துளி ஏத்தலாம்.”

கஸ்தூரி ஒரு கணம் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு அந்தக் குமிழை ஒரு துளி ஏற்றினாள்.